காவிரியில் இன்னும் கதவணை மின்நிலையங்கள் வேண்டுமா?

கேள்வி, மார்ச் 2

மேட்டூருக்குக் கீழே காவிரியில் ஏழு கதவணை மின்நிலையங்கள் இருக்கின்றன, அதாவது ஆற்றின் குறுக்கே ஷட்டர்கள் போட்டுத் தண்ணீரை நிறுத்தி மின்சாரம் எடுக்கும் தாழ்வான அணைகள். அவற்றில் கடைசியான பாசூருக்குக் கீழே கரூர் வரை இன்னும் நாலைந்து கட்டினால் என்ன? தண்ணீர் எப்படியும் அந்த வழியாகத்தான் ஓடுகிறது. நிலக்கரி வேண்டாம், புகை இல்லை, பெரிய அணை மாதிரி ஊரை மூழ்கடிக்கவும் செய்யாது. மின்சாரம் பற்றாத மாநிலம் இதை ஏன் யோசிக்கவில்லை?

மார்ச் 2, இரவு

வேண்டாம் என்பேன். எனக்கு இது ஆற்றங்கரையில் வளர்ந்தவனின் கோபம். எங்கள் அப்பிச்சி, அம்மாவின் அப்பா, நெரிஞ்சிப்பேட்டையில் பரிசல் போட்டவர். ஆறு ஓடினதை அவர் பார்த்தார். நான் பார்த்தது பெரும்பாலும் நின்ற தண்ணீரைத்தான். சேக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை, சமயசங்கிலி, வெண்டிபாளையம், பாசூர் என்று ஒன்று முடிந்தால் அடுத்தது. ஒவ்வொன்றும் 30 மெகாவாட். நொடிக்கு 10,000 கனஅடி வந்தால் முழு உற்பத்தி. தண்ணீர் வராத நாளில் கட்டடம் சும்மா நிற்கும். டெல்டாவுக்குப் போக வேண்டிய தண்ணீரை ஏழு இடத்தில் நிறுத்தித் தின்றது போதும். இன்னும் நாலைந்து எதற்கு?

மார்ச் 3

நேற்று எழுதியதில் இரண்டு தவறு. தூங்கி எழுந்ததும் முதலில் உறுத்தியது "தின்றது" என்ற சொல்.

கதவணை தண்ணீரைத் தின்னாது. முதல் தடவை நிரம்பும்போது அரை டி.எம்.சி.க்கும் (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கனஅடி) குறைவாகப் பிடித்து வைக்கும். அதற்குப் பிறகு மேலே வருவது அப்படியே கீழே போகும். வெயிலில் ஆவியாகும் கொஞ்சம்தான் இழப்பு. மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஏழு கதவணைகளையும் சேர்த்தால்கூட அதன் பக்கத்தில் வைத்துப் பேச முடியாது. டெல்டாவில் தண்ணீர் கடைமடைக்கு எட்டவில்லை என்றால் அதற்குக் காரணம் வேறு.

இரண்டாவது தவறு 10,000 கனஅடி. அது ஒரு இயந்திரத்துக்கான தண்ணீர். கதவணைக்கு 15 மெகாவாட் இயந்திரம் இரண்டு. கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு மாலையில் எழுதுகிறேன்.

மார்ச் 3, மாலை

கணக்கு இதுதான். 1000 கனஅடி என்றால் நொடிக்கு 28,300 லிட்டர், அதாவது 28.3 டன் தண்ணீர். கதவணையில் அது விழும் உயரம் ஏறக்குறைய 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு விசைக்கு 9.81. இயந்திரத்திலும் ஜெனரேட்டரிலும் போகும் இழப்பைக் கழித்து நூற்றுக்கு 85 எடுத்துக்கொண்டால் 1400 கிலோவாட் சொச்சம் வரும். அதாவது 1000 கனஅடிக்கு 1.4 மெகாவாட்.

அப்படியானால் 30 மெகாவாட்டுக்குச் சுமார் 21,000 கனஅடி வேண்டும். மேட்டூரில் பாசனத்துக்குத் திறக்கும் நாட்களில் 10,000 முதல் 20,000 வரை ஓடும். பாசனம் நின்றபிறகு குடிநீருக்கு 1000 அல்லது அதை ஒட்டித்தான் விடுவார்கள். அந்த நாளில் ஒரு கதவணையில் கிடைப்பது ஒன்றரை மெகாவாட்கூட இல்லை.

நீலகிரி மலையில் இருக்கும் பைக்காராவை ஒப்பிட்டுப் பாருங்கள். 1932-ல் மின்சாரம் தர ஆரம்பித்த நிலையம் அது. அங்கே தண்ணீர் 3000 அடிக்கு மேல் இறங்குகிறது. ஒரே அளவு தண்ணீர் நம் கதவணையில் தருவதைப் போல நூறு மடங்குக்கு மேல் மின்சாரம் தரும். மலையில் உயரம் வேலை செய்கிறது. சமவெளியில் உயரம் கிடையாது, தண்ணீரின் அளவு மட்டும்தான் வேலை செய்ய வேண்டும். எங்கள் ஆற்றைப் பற்றி யார் பேசினாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மார்ச் 5

"வெள்ளம் வந்தால் இன்னும் அதிகம் ஓட்டலாமே" என்று கேட்ட தம்பிக்கு.

முடியாது. 2022 ஆகஸ்ட்டில் மேட்டூரிலிருந்து 2 லட்சம் கனஅடிக்கு மேல் வந்தது. பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் எல்லா ஊரிலும் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர். அந்தச் சமயத்தில் கதவணைகளில் ஷட்டர்களை எல்லாம் முழுசாகத் தூக்கிவிடுவார்கள். மேலேயும் கீழேயும் தண்ணீர் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். விழுவதற்கு உயரமே இருக்காது. இரண்டு லட்சம் கனஅடி கண் முன்னால் போகும், இயந்திரம் நிற்கும்.

தண்ணீர் குறைந்தாலும் ஓடாது, மிஞ்சினாலும் ஓடாது. நடுவில் ஒரு பட்டை இருக்கிறது, அதற்குள் தண்ணீர் வரும் நாட்கள்தான் இந்த நிலையங்களுக்குப் பிழைப்பு.

மார்ச் 6

அந்த நாட்கள் எத்தனை? மேட்டூரின் வழக்கமான கணக்கு ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது. 231 நாட்கள். ஆனால் ஆறு காலண்டரைப் பார்த்து நடப்பதில்லை. 2017-ல் அக்டோபர் 2-ல்தான் திறந்தார்கள். 2022-ல் மே 24-லேயே திறந்தாயிற்று. 2023-ல் சரியாக ஜூன் 12, ஆனால் அக்டோபரிலேயே மூட வேண்டி வந்தது. 2024-ல் ஜூலை 28.

புதிதாக நாலு கதவணை கட்டினால் அவையும் இதே நாட்களில்தான் ஓடும். மழை பெய்து காற்றாலையும் நன்றாகச் சுற்றும் ஆடி மாதத்தில் இன்னும் கொஞ்சம் மின்சாரம் சேரும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் ஆள் தவிக்கும்போது பதினொரு கதவணையும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். என் எதிர்ப்பின் மையம் இதுதான். முதல் நாள் கோபத்தில் இதைச் சொல்லாமல் வேறெதையோ சொல்லிவிட்டேன்.

மார்ச் 9

கரூர்ப் பக்கத்து நண்பர் நீளமாக எழுதியிருந்தார். மின்சாரத்தை விட்டுவிடுங்கள், தண்ணீர் நின்றால் கிணறு ஊறும், அதற்காகவே கதவணை வேண்டும் என்கிறார்.

இதற்கு எதிராக என்னால் எழுத முடியவில்லை, ஏனென்றால் என் தங்கை வீடு பூலாம்பட்டியில் இருக்கிறது. நெரிஞ்சிப்பேட்டை கதவணை நிற்கவைத்த தண்ணீர்தான் அவர்கள் ஊரின் முகம். வாழை, கரும்பு எல்லாம் அந்த ஊற்றுத் தண்ணீரில் நிற்கிறது. 1980களின் தொடக்கத்தில் சித்திரை மாதம் கிணற்றுக்குள் இறங்கி மண் அள்ளியதை மாப்பிள்ளையின் அப்பா சொல்லுவார். இப்போது அவர்கள் கிணற்றில் சித்திரையிலும் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். அப்புறம் விசைப்படகு. இந்தக் கரை சேலம் மாவட்டம், அந்தக் கரை ஈரோடு மாவட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், சந்தைக்குப் போகிறவர்கள், மோட்டார் சைக்கிள் எல்லாம் படகில்தான் ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை வெளியூர்க்காரர்கள் வந்து மீன் வறுவல் சாப்பிட்டுப் போகிறார்கள்.

அப்பிச்சியின் பரிசல் போனதற்கும் இந்தப் படகு வந்ததற்கும் ஒரே கதவணைதான் காரணம். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆனால் கிணறு ஊற வேண்டும் என்றால் அதற்குத் தடுப்பணை போதும். 15 மெகாவாட் இயந்திரம் இரண்டும், அதற்கு ஒரு சப்ஸ்டேஷனும் எதற்கு? பாசூருக்குக் கீழே ஆறு இன்னும் தட்டை, அகலம், மணல். அங்கே 6 மீட்டர் உயரம் நிற்கவைக்க இரண்டு பக்கமும் எவ்வளவு நீளத்துக்குக் கரை உயர்த்த வேண்டும் என்று யோசியுங்கள். கேட்டவர் "ஊரை மூழ்கடிக்காது" என்றார். தட்டையான இடத்தில் அந்த உறுதியை அவ்வளவு சுலபமாகக் கொடுக்க முடியாது.

மார்ச் 10

ஒரு சின்னத் திருத்தம். ஏழும் ஒரே காலத்தில் கட்டினது போல எழுதிவிட்டேன். மேட்டூரிலிருந்து ஊராட்சிக்கோட்டை வரை உள்ள நாலும் 1980களின் கடைசியில் வந்தவை. பவானிக்குக் கீழே உள்ள மூன்றும் 2000-க்குப் பிறகு. அந்த மூன்றில் ஒன்றில் நான் ஒப்பந்தக்காரரிடம் கேபிள் இழுக்கும் வேலைக்கு ஆறு மாதம் போயிருக்கிறேன். எதில் என்று சொல்லவில்லை. கடைசி இரண்டு மாதச் சம்பளம் இன்றுவரை வரவில்லை. ஆனாலும் அந்தக் குழிக்குள் இறங்கி இயந்திரத்தைப் பார்த்த நாளை மறக்க மாட்டேன். பெரிய வெங்காயம் மாதிரி ஒரு கூடு. அதற்குள்ளேதான் ஜெனரேட்டர், அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும். குமிழ் டர்பைன் என்பார்கள். உயரம் குறைந்த இடத்துக்கென்றே செய்தது. மூன்று மாடி ஆழத்தில் நின்றுகொண்டு, தலைக்கு மேலே ஆறு போகப்போகிறது என்று நினைத்தபோது மயிர்க்கூச்செறிந்தது.

இதை எதற்கு எழுதினேன் என்றால், நான் இயந்திரத்துக்கு எதிரி இல்லை.

மார்ச் 16

இந்த வாரம் முழுக்க ஒரு எண் மண்டையைக் குடைந்தது.

ஒரு கதவணையில் 0.4 டி.எம்.சி. நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 கோடி கனஅடி. நொடிக்கு 20,000 கனஅடி வீதம் விட்டால் 20,000 நொடி, ஐந்தரை மணி நேரம். முழுசாக வடிக்க முடியாது, வடிய வடிய உயரமும் குறையும் என்பது சரி. ஆனால் முழுசாக வடிக்கவே வேண்டாம்.

கோடையில் நொடிக்கு 1000 கனஅடி வருகிறது. ஒரு நாளுக்கு 8 கோடியே 64 லட்சம் கனஅடி. அதைப் பகல் முழுக்கப் பிடித்து வைத்து, மாலை 7 மணிக்கு ஒரே ஒரு இயந்திரத்தை 10,000 கனஅடியில் ஓட்டினால் 8,640 நொடி ஓடும். இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு மேல். ஏழு கதவணையிலும் ஆளுக்கு ஒரு இயந்திரம் என்றால் 105 மெகாவாட், அதுவும் சூரிய மின்சாரம் படுத்து எல்லா வீட்டிலும் விளக்கும் மின்விசிறியும் ஓடும் நேரத்தில். புதிதாக ஒரு மூட்டை சிமென்ட் வேண்டாம்.

நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு நீரேற்று மின்நிலையம் கட்டுவதே இந்த வேலைக்காகத்தான். பகலில் மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி மாலையில் இறக்குவது. நம்மிடம் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. மேட்டூரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது, கொஞ்சம் பிடித்து வைத்தால் போதும்.

மார்ச் 16, இரவு 11 மணி

இதை எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு பழைய மாலை ஞாபகம் வந்து வயிற்றைப் பிசைந்தது.

1990களின் நடுவில், ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் கழித்து. ஒரு கதவணைக்குக் கீழே, பாறை தெரியும் அளவு தண்ணீர். பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள், நாங்கள் ஏழெட்டுப் பையன்கள் பாறைக்குப் பாறை தாவிக்கொண்டிருந்தோம். சங்கு ஊதியதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, எங்கள் யார் காதிலும் விழவில்லை. தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு வரவில்லை. கணுக்காலில் இருந்தது முழங்காலுக்கு வந்தது, அவ்வளவுதான். நாங்கள் கரை ஏறினோம். சின்னவன் ஒருவன் நடுப்பாறையில் நின்றுவிட்டான். அவன் அழவில்லை, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். மீன் பிடிக்க வந்திருந்த ஒரு பெரியவர் பரிசலைச் சுழற்றிக்கொண்டு போய் அவனைத் தூக்கிவந்தார். இறங்கும்போது பாறை தெரியவில்லை.

தினமும் மாலை 7 மணிக்கு 10,000 கனஅடி திறப்பது என்றால் ஏழு இடத்தில் தினமும் இது நடக்கும். நான் மூன்று மணி நேரம் முன்னால் சந்தோஷமாகப் போட்ட கணக்கில் இந்தப் பையன் இல்லை.

மார்ச் 18

இல்லை, திட்டத்தை விட்டுவிடவில்லை. ஒரு கதவணைக்குக் கீழே அடுத்த கதவணையின் தண்ணீர் வந்து முட்டி நின்றால் மட்டம் திடீரென்று ஏறாது. நடுவில் பாறையும் மணலும் வெளியே தெரியும் இடங்கள்தான் ஆபத்து. அந்த இடங்களுக்குச் சங்கு, விளக்கு, ஆள் எல்லாம் வேண்டும். ஒரே நேரத்தில் திறக்காமல் அரை மணி நேரத்தில் படிப்படியாகத் திறக்க வேண்டும். மணி மாறவே கூடாது. தினமும் ஒரே மணி என்றால் ஊர் கற்றுக்கொள்ளும். கால்வாய்த் தண்ணீர் வரும் நாளை ஊர் தெரிந்துவைத்திருப்பது போல.

மார்ச் 19

தங்கை போன் செய்தாள். "அண்ணா, தினமும் ஆற்றுமட்டம் ஏறி இறங்கினால் எங்கள் மோட்டாருக்குத் தண்ணீர் உறிஞ்சும் புட்வால்வு எங்கே நிற்கும்? படகுத்துறைப் படி எங்கே இருக்கும்?" என்றாள். ஒன்றரை அடி, அதிகம் போனால் இரண்டடிதான் இறங்கும் என்று சொன்னேன். "அந்த இரண்டடியில் எத்தனை பேர் வழுக்குவார்கள்" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. குறித்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 27

ஆகாயத்தாமரையைப் பற்றி யாருமே பேசவில்லை. பள்ளிபாளையம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கரையிலிருந்து கரை வரை பச்சைப் பாய் விரித்த மாதிரி கிடக்கும். ஓடும் ஆற்றில் அது நிற்காது. சாக்கடையும் சாயக்கழிவும் வந்து சேர்ந்து, தண்ணீரும் நின்றுவிட்டால் அதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. இயந்திரத்துக்கு முன்னால் இருக்கும் கம்பித் தடுப்பில் அது வந்து அப்பிக்கொள்ளும். அள்ளிப்போட ஆள் வைக்க வேண்டும். மீன்பிடிக்கிறவர்களைக் கேட்டால் வலையில் ஜிலேபிதான் விழுகிறது, ஓட்டத்தில் வாழும் மீன்கள் குறைந்துபோயின என்கிறார்கள்.

இந்த ஊர்களின் கழிவை ஆற்றில் விடாமல் நிறுத்தாதவரை புதிய கதவணை கட்டுவது புதிய குட்டை வெட்டுவதுதான். கரூர் நண்பரே, உங்கள் கிணற்றில் ஊறப்போவது எந்தத் தண்ணீர் என்பதையும் யோசியுங்கள். எங்களுக்கு மேலே சேக்கானூர், நெரிஞ்சிப்பேட்டையில் தண்ணீர் நன்றாக இருக்கிறது. பவானி தாண்டினால் கதையே வேறு.

ஏப்ரல் 4

மேட்டூருக்கு மேலே கர்நாடகம் கட்ட நினைக்கும் மேகதாது அணை பற்றிக் கேட்டார்கள். அரசியல் பேச விருப்பமில்லை, தண்ணீர்க் கணக்கு மட்டும். கர்நாடகம் சொல்லும் திட்டம் 67 டி.எம்.சி., 400 மெகாவாட். சிவசமுத்திரத்தில் 1902-லேயே மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பின ஆறு இது. ஆற்றில் மின்சாரம் எடுப்பது புதிதல்ல. ஆனால் மேட்டூருக்கு மேலே அவ்வளவு பெரிய தேக்கம் வந்தால் தண்ணீர் எந்த மாதத்தில் எவ்வளவு வரும் என்பதை அங்கே உட்கார்ந்திருப்பவர்கள்தான் முடிவுசெய்வார்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு என்று சொன்ன 177.25 டி.எம்.சி. வருடக் கணக்கில் வந்து சேர்ந்தாலும், நமக்கு வேண்டிய மாதத்தில் வராவிட்டால் குறுவையும் போகும், நம் ஏழு கதவணையும் நிற்கும்.

மே 11

பூலாம்பட்டி போயிருந்தேன். பராமரிப்புக்காகக் கதவணையின் தண்ணீரை வடித்திருந்தார்கள். கோடையில் அநேகமாக ஒவ்வொரு வருடமும் செய்வதுதான். ஆனால் நான் இத்தனை வருடத்தில் அந்த நாட்களில் போய் நின்றதே இல்லை.

ஆறு இருந்தது. அதாவது பழைய ஆறு. பாறைகள், பாறைக்கு நடுவே மடு, மடுவிலிருந்து மடுவுக்குச் சின்ன ஓட்டம். அந்த ஓட்டத்தின் சத்தம் கரைவரை கேட்டது. எங்கள் ஊரில் காவிரிக்குச் சத்தம் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அப்பிச்சி இரவில் சத்தத்தை வைத்தே தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று சொல்லுவாராம், அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன், நம்பியதில்லை.

அதே நேரத்தில் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. அக்கரைக்குப் போக வேண்டியவர்கள் பஸ் ஏறிச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பாட்டி பையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்று, "இன்னும் எத்தனை நாளாம்" என்று என்னைக் கேட்டார். கதவணைக்காரன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. தெரியவில்லை ஆத்தா என்றேன். வெயிலில் ஏறிப் போய்விட்டார்.

மேலே ஷட்டருக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையைப் பார்த்தபோது மனசுக்கு நிம்மதி. 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில், கொள்ளிடத்து மேலணையில், ஒன்பது ஷட்டர்கள் ஒரே இரவில் போயின. அது 1836-ல் கட்டியது, நமது நேற்றுக் கட்டியது என்று சொல்லலாம். ஆனால் நேற்றுக் கட்டியதற்கும் இப்போது நாற்பது வயது நெருங்குகிறது.

மே 13

பூலாம்பட்டியிலிருந்து வந்த பிறகு என் பதில் மாறவில்லை, காரணம் மாறியிருக்கிறது. முதலில் ஆறு போய்விட்டதே என்ற ஆதங்கத்தில் வேண்டாம் என்றேன். இப்போது இருக்கும் ஏழையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள், மாலை நேரத்துக்கு ஓட்ட முடியுமா என்று ஒரே ஒரு கதவணையில் ஒரு கோடைக்குப் பார்த்துச் சொல்லுங்கள், அதற்குள் பவானிக்குக் கீழே கழிவை நிறுத்துங்கள் என்கிறேன். பாசூருக்குக் கீழே மிச்சமிருக்கும் ஓட்டத்தைத் தொட வேண்டாம். அப்பிச்சி கேட்ட சத்தம் அங்கேயாவது இருக்கட்டும்.

இப்படிச் சொல்வது சுயநலம் என்று கரூர் நண்பர் எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டேன். எங்கள் தங்கை வீட்டுக் கிணறு நிறைந்திருக்கிறது, அவருடையது நிறையவில்லை.

மே 14

அவர் எழுதவில்லை. போன் செய்தார். ஒரு மணி நேரம் பேசினோம். அவர் கேட்பது மணல் அள்ளாத ஆறு, அதுதான் கிணற்றை ஊறவைக்கும் என்கிறார். மின்நிலையம் வந்தால் அந்தப் பக்கம் லாரி வராது, காவல் இருக்கும் என்பதுதான் அவர் மனதில் இருந்த கணக்கு. எனக்கு இது தோன்றவே இல்லை.

ஜூன் 15

மேட்டூர் திறந்து மூன்று நாள் ஆகிறது. முதல் நாளே அதிகம் விடமாட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். இன்று மாலை ஆறரைக்கு நெரிஞ்சிப்பேட்டையில் கீழ்ப்பக்கம் போய் நின்றேன். எத்தனை இயந்திரம் ஓடுகிறது என்று உள்ளே போய்க் கேட்க வேண்டியதில்லை, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் நேர் கீழே தண்ணீர் கொதிப்பது போலப் பொங்கும்.

ஒரு பக்கம் பொங்கியது. இன்னொரு பக்கம் சும்மா இருந்தது. படகு ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தப் பாட்டி அதில் இருந்தாரா என்று பார்த்தேன், தெரியவில்லை. அடுத்த வாரம் திரும்பப் போகிறேன்.